வெட்டிய பிறகு மிஞ்சும் வாக்கியம்

(அரசு மருத்துவர்களுக்கான பயிற்சி முகாம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

வணக்கம். இருபது வருடம் உங்களைப் போன்றவர்களின் முகத்துக்கு நேரே மைக்கை நீட்டியவன் நான். அதனால் எங்கள் பக்கத்து ரகசியம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பத்து நிமிடம் பேசுவீர்கள். நாங்கள் எடுத்துக்கொள்வது பதினைந்து நொடி. எந்தப் பதினைந்து நொடி என்பதும் எங்கள் முடிவுதான்.

2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்து 11 பேர் இறந்தார்கள். கடலடிக் கிணற்றிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை எண்ணெய் கொட்டியது. மே 30 அன்று, அந்தக் கிணற்றை நடத்திவந்த பி.பி. எண்ணெய் நிறுவனத்தின் தலைமை அதிகாரி டோனி ஹேவர்ட் செய்தியாளர்களிடம் பேசினார். முதலில் மன்னிப்புதான் கேட்டார். மக்களின் வாழ்க்கை குலைந்துபோனதற்கு வருந்துகிறோம் என்றார். இது முடிய வேண்டும் என்று என்னைவிட விரும்புகிறவர் யாருமில்லை என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். 'எனக்கு என் வாழ்க்கை திரும்ப வேண்டும்' என்று இன்னொரு வாக்கியம் சேர்த்தார்.

மன்னிப்பு இன்று யாருக்கு நினைவிருக்கிறது? கடைசி வாக்கியம்தான் உலகம் சுற்றியது. அக்டோபரில் அந்த நாற்காலியில் வேறொருவர். களைத்துப்போன மனிதர், பாவம். ஆனால் எடிட்டிங் மேசையில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் வெட்டி எடுத்திருப்பேன்.

சரி, உங்கள் வார்டுக்கு வருவோம். 'டெங்கு சாவை மறைக்கிறீர்களாமே டாக்டர்?' என்று ஒரு நிருபர் கேட்பார். 'நாங்கள் எதையும் மறைக்கவில்லை' என்று கோபத்தோடு சொல்வீர்கள். அன்று இரவு திரையின் அடியில் ஓடும் வரியில் 'மறைக்க' என்ற சொல் இருக்கும், அதுவும் உங்கள் வாயாலேயே. 1973 நவம்பரில் அமெரிக்க அதிபர் நிக்சன் 'நான் மோசடிக்காரன் அல்ல' என்றார். அந்தச் சொல் கடைசிவரை அவரை விடவில்லை.

அதனால் கேமரா வருவதற்கு முன் ஒரு துண்டுச் சீட்டை எடுங்கள். இன்று காலை வரை எத்தனை பேர் அனுமதி, எத்தனை பேருக்கு உறுதியானது, எத்தனை ரத்தப் பரிசோதனை முடிவு பாக்கி என்று எழுதிக்கொள்ளுங்கள். எந்தக் கேள்விக்கும் அங்கிருந்தே தொடங்குங்கள். நோயாளியின் பெயர் மட்டும் வாயில் வரக் கூடாது. தெரியாததை 'மாலை ஐந்து மணிக்குச் சொல்கிறேன்' என்று சொல்லலாம். ஆனால் ஐந்து மணிக்குச் சொல்லிவிட வேண்டும். நேரலையா, பதிவா என்று முன்பே கேளுங்கள். பதிவென்றால், தடுமாறிய பதிலை மறுபடி சொல்கிறேன் என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

அப்புறம், சட்டையில் குத்திய மைக். 2010 ஏப்ரல் 28, பிரிட்டனில் தேர்தலுக்கு எட்டு நாள் முன்பு. பிரதமர் கோர்டன் பிரவுன் ராச்டேலில் ஒரு வாக்காளரிடம் சிரித்துப் பேசிவிட்டுக் காரில் ஏறினார். ஏறியதும் அந்தப் பெண்மணியைத் திட்டினார். மைக் சட்டையிலேயே இருந்தது. சற்று நேரத்தில் ஒரு வானொலிப் பேட்டியில் அந்தப் பதிவை அவருக்கே போட்டுக் காட்டினார்கள். வானொலிதானே என்று தலையைக் கையில் சாய்த்துக்கொண்டு கேட்டார். அங்கேயும் ஒரு கேமரா இருந்தது.