கதவுக்கு உள்ளே நின்றவர்கள்

நடுவர் ஐயாவுக்கும், எதிரணியில் இருப்பவர்களுக்கும், பனி கொட்டுவதைப் பார்க்காமல் இன்னும் எழுந்து போகாத ஆச்சிமார், அண்ணன்மார் எல்லோருக்கும் வணக்கம். ஏழு நிமிடம்தான் கொடுத்திருக்கிறார்கள், நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

சி.எஸ். லூயிஸ் 1951-இல் சிறுவர்களுக்கு எழுதிய 'பிரின்ஸ் காஸ்பியன்' நாவலை 2008-இல் படமாக எடுத்தார்கள். நார்னியா வரிசையில் இரண்டாவது படம். நூலை இப்படி இருட்டாக்கியது சரியா, தவறா என்பதுதான் இன்றைய வழக்கு. சரி என்று பேச வந்திருக்கிறேன்.

பார்க்காதவர்களுக்குக் கதையைச் சொல்லிவிடுகிறேன். நார்னியா என்ற மாய தேசத்தில் ராஜா ராணியாக இருந்துவிட்டு ஊர் திரும்பிய நான்கு ஆங்கிலேயப் பிள்ளைகள், ஒரு வருடம் கழித்து மறுபடி அங்கே போகிறார்கள். இங்கே ஒரு வருடம், அங்கே 1300 வருடம். இவர்கள் ஆண்ட கோட்டை இடிந்து காடு மண்டிக் கிடக்கிறது. எங்கே வந்திருக்கிறோம் என்றே அவர்களுக்குத் தெரியவில்லை. மண்ணில் ஒரு தங்கச் சதுரங்கக் காய் கிடைக்கிறது. குதிரைக் காய். அதைக் கையில் எடுத்த பிறகுதான், இது நம்முடைய வீடு என்று உறைக்கிறது.

இந்த இடத்தை நமக்கு யாராவது விளக்க வேண்டுமா? முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு வருடத்தில் ஒருநாள் ஊருக்கு வந்து வீட்டைத் திறக்கிறோம். முகப்பைத் தாண்டினால் வௌவால் நெடி, உள்ளே முற்றத்து வளவில் சருகு. போன வருடம் பத்தாயத்துக்குப் பின்னால் கூட்டும்போது என் மகள் ஒரு பித்தளைத் தாயக்கட்டையை எடுத்து வந்து, "இது யார் வீட்டுதுப்பா?" என்று கேட்டாள். புள்ளிகள் தேய்ந்து, விரலால் தடவினால்தான் தெரிகிற கட்டை. நம்ம வீட்டுதுதான் என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. இருட்டு இருட்டு என்கிறார்களே, நூலின் தொடக்கத்திலேயே அது இருக்கிறது.

எதிரணியில் முதலில் பேசிய ஆச்சி ஒரு போடு போட்டார்கள். "புத்தகம் வெள்ளைப் பணியாரம் மாதிரி. படம் எடுத்தவர் அதைத் தீய்த்து வைத்துவிட்டார்" என்றார்கள். கைதட்டல் பந்தலைப் பிய்த்தது. ஆச்சி அடுப்படியில் பிறந்த உவமையைக் கொண்டு வந்தால் நானும் அடுப்படிக்கு வந்துதான் ஆக வேண்டும்.

பச்சரிசியை உழக்கில் தலைதட்டி அளந்து, அதன் மேலேயே கோபுரமாக உளுந்தைக் குவித்து, ஊறவைத்து, வெண்ணெய் போல ஆட்டுகிறோம். கரண்டியில் மொண்டு எண்ணெயில் ஊற்றினால் பூவாக எழும்பி வரும். சிவக்கும் முன்னால் எடுத்துவிட வேண்டும். எல்லாம் சரி ஆச்சி, அதைத் தட்டில் வெறுமனே வைத்து யாருக்காவது கொடுப்பீர்களா? பக்கத்தில் வரமிளகாய்ச் சட்னி இல்லாத வெள்ளைப் பணியாரத்தை உங்கள் மாப்பிள்ளைக்கு வைப்பீர்களா? கண்ணில் நீர் வரக் காரமாக ஒரு சட்னி இருந்தால்தானே அந்த வெள்ளைக்கு மரியாதை!

லூயிஸும் தட்டில் சட்னி வைத்தவர்தான். அண்ணனைக் கொன்றுவிட்டு மிராஸ் என்பவன் நார்னியாவுக்கு ராஜாவானது புத்தகத்தில் இருக்கிறது. தனக்கு ஒரு பிள்ளை பிறந்ததும் அண்ணன் மகன் காஸ்பியனைத் தீர்த்துவிட நினைத்ததும், அந்தப் பையன் ராத்திரியோடு ராத்திரியாகக் குதிரையேறி ஓடியதும் இருக்கிறது. தோற்றுக்கொண்டே இருக்கிறோமே என்ற ஆத்திரத்தில் நிக்காப்ரிக் என்ற குள்ளன் ஒரு சூனியக்காரியையும் ஓநாய் மனிதனையும் கூட்டிவந்து, செத்துப்போன வெள்ளைச் சூனியக்காரியையே திரும்ப அழைக்கப் பார்க்கிறானே, அதுவும் அந்தக் குழந்தைப் புத்தகத்தில்தான் இருக்கிறது. ஓரத்தில் இருந்த சட்னியை இயக்குநர் ஆண்ட்ரூ ஆடம்சன் தட்டின் நடுவுக்கு நகர்த்தினார். தீய்ந்த வாடை எங்கிருந்து வந்தது ஆச்சி?

நான்கு பிள்ளைகளில் ஒருத்தியான சூசனுக்கும் காஸ்பியனுக்கும் நூலில் இல்லாத காதல் எதற்கு என்று அடுத்தவர் கேட்டார். அந்த முத்தம் எனக்கும் ஒட்டவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நூலில் இல்லாததைச் சேர்ப்பதே குற்றம் என்று காரைக்குடிப் பக்கத்தில் நின்றுகொண்டு பேசலாமா? கம்பனுக்குக் கழகம் வைத்த ஊர் இது. மிதிலையில் வில்லை ஒடிக்கும் முன்பே அண்ணலும் நோக்கினான், அவளும் நோக்கினாள் என்றானே கம்பன், அது வால்மீகியில் உண்டா? இரணியன் வதைப் படலம் உண்டா? சேர்த்ததில் உயிர் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

வசூலையும் இழுத்தார்கள். 2005-இல் வந்த முதல் படம் 74 கோடி டாலருக்கு மேல், இது 42 கோடிதான். உண்மை. அதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

படத்தில் உயிரான இடம் ஒன்று இருக்கிறது. அதுவும் நூலில் இல்லாததுதான். காஸ்பியனுக்குத் துணை நிற்கும் நால்வரில் மூத்தவன் பீட்டர், மிராஸின் கோட்டையை ராத்திரியில் தாக்கலாம் என்று பிடிவாதம் பிடித்துப் படையை உள்ளே கொண்டுபோகிறான். திட்டம் குலைகிறது. கோட்டைக் கதவு மேலிருந்து இறங்குகிறது. மாட்டுத்தலையோடு இருக்கும் ஒரு வீரன் அதைத் தோளில் தாங்கி நிற்கிறான், பிறகு முடியாமல் விழுகிறான். பாதிப் பேர் வெளியே, பாதிப் பேர் உள்ளே. பீட்டர் குதிரையில் தப்பிவிட்டான். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கம்பி வழியாக அவனைப் பார்க்கிறார்கள்.

நூலிலும் ஒரு தோல்வி வருகிறது. அங்கே ஒரு ராட்சதன் அழுகிறான், அவனுடைய பெரிய பெரிய கண்ணீர்த் துளி, படையில் இருக்கும் எலிகளின் மேல் விழுந்து அவற்றின் தூக்கத்தைக் கெடுக்கிறது. பிள்ளைகள் சிரிக்கட்டும் என்று எழுதியிருக்கிறார். படம் அப்படி நம்மைத் தப்பவிடவில்லை.

அந்தப் படத்தை 2012-இல் எங்கள் வீட்டுப் பட்டாலையில் அப்பத்தாவோடு பார்த்தேன். வசனத்தை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். எலி கத்தி வீசியபோது சிரித்தாள். கதவு இறங்கியது, அந்த முகங்கள் கம்பிக்குப் பின்னால் தெரிந்தன, கரண்ட் போய்விட்டது. அந்த வருடம் கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. நான் மெழுகுவர்த்தி தேட எழுந்தேன்.

இருட்டுக்குள்ளிருந்து அப்பத்தா கேட்டாள். "ஏப்பா, அந்தக் குதிரையில போன பையன், உள்ள மாட்டிக்கிட்டவுக ஆத்தாமார்கிட்டப் போய் என்ன சொல்லுவான்?"

பீட்டர் மறுநாள் காஸ்பியனோடு சண்டை போடுவான் என்றேன். அவள் காதில் அது விழவில்லை.

அவளுடைய அப்பச்சி, அதாவது அப்பா, பர்மாவில் ஒரு கடையில் அடுத்தாளாக, உதவியாளராக இருந்தவர். மூன்று வருடக் கணக்கு முடிந்து ஊருக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில் 1942 வந்தது, ஜப்பான்காரன் வந்தான். கப்பலில் இடமில்லை. தம்பியோடு நடந்தே கிளம்பினார். காட்டு வழியில் காய்ச்சல் கண்டு ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். கூட்டம் நிற்காது. தம்பி நடந்தார், ஊர் வந்து சேர்ந்தார். அப்போது அப்பத்தாவுக்குப் பன்னிரண்டு வயது.

இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். தெரியாத ஒன்றை அந்த இருட்டில்தான் சொன்னாள். "சித்தப்பா சாகுற வரைக்கும் எங்க வீட்டு வளவுக்குள்ள காலெடுத்து வைக்கலப்பா. நல்லது பொல்லாதுக்கு வந்தாலும் முகப்புலயே உக்காந்துட்டுப் போயிருவாக. நான் தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தா, செம்பத்தான் பாப்பாக, என் மூஞ்சியப் பாக்க மாட்டாக. எங்க ஆத்தா, அவனுக்குக் கர்வம்னு சொல்லும். எனக்கு இப்பத்தான்ப்பா வெளங்குது."

எழுபது வருடம், நடுவர் அவர்களே. எழுபது வருடமாக அவள் சித்தப்பா மேல் வைத்திருந்த கோபம் அது. நான் மெழுகுவர்த்தியைக் கையில் வைத்துக்கொண்டு, கொளுத்தாமல் நின்றேன்.

மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன். கரண்ட் வந்தது. படத்தைத் தொடரவா என்று கேட்டேன். "கொஞ்சம் பின்னால தள்ளி வைப்பா, அந்தப் பையன் மூஞ்சிய இன்னொரு தடவ பாக்கணும்" என்றாள். தள்ளி வைத்தேன். கதவு மறுபடி இறங்கியது. அவள் டிவிக்குப் பக்கத்தில் போய், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நின்றபடியே பார்த்தாள்.