எல்லாம் கேஸ்தானுங்க சார்

நேயர்களுக்கு வணக்கம்.

ஓர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் முப்பது வருடம் சமூகப் பணியாளராக இருந்தவன் நான். மாத்திரை எழுதுவது மருத்துவர் வேலை. வந்தவரோடும் கூட வந்தவரோடும் உட்கார்ந்து பேசுவது என் வேலை. அந்த முப்பது வருடத்தில் "எனக்கு மனசு சரியில்லை" என்று தானாகச் சொல்லிக்கொண்டு வந்த ஆண்களை இரண்டு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். மற்றவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "கேஸ் ட்ரபுளுங்க சார்."

சிரிக்க வேண்டாம், நீங்களும் சொல்லியிருப்பீர்கள். நெஞ்சு அடைத்தால் கேஸ். தலை கனத்தால் கேஸ். தோள்பட்டையில் பிடித்தால் கேஸ். ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்து, விடியும்வரை விட்டத்தைப் பார்த்துக் கிடந்தால் அதுவும் கேஸ். ஒரு சோடா, கொஞ்சம் ஓமத் தண்ணீர், முடிந்தது வைத்தியம். இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மருத்துவர்கள் என்னைத் திட்டுவார்கள்: நெஞ்சில் வலி என்றால் முதலில் இதயத்தைத்தான் பார்க்க வேண்டும். அதில் விளையாட்டு கூடாது. நான் சொல்வது, இதயம், வயிறு எல்லாம் பார்த்து, ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகும் அடைப்பு நிற்காதவர்களைப் பற்றி.

அப்படி ஒருவர் வந்தார். மோட்டார் ரீவைண்டிங் செய்கிறவர். ஊர் வேண்டாம். கையில் ஒரு பெரிய ஃபைல். ஈசிஜி மூன்று, எண்டோஸ்கோப்பி, ஸ்கேன், எல்லாம் நார்மல். "எல்லாம் நார்மல்னா நான் பொய் சொல்றேனுங்களா? என்னை எதுக்கு இந்த வார்டுக்கு அனுப்பினாங்க, நான் என்ன பைத்தியமா?" என்று ஒரே சத்தம். அவர் மனைவி ஒன்றும் பேசாமல் பின்னால் நின்றிருந்தார்.

மனசைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. "ஏனுங்க, எங்க தோட்டத்து மோட்டார் வருசா வருசம் எரிஞ்சு போகுதே, ஏன்?" என்று கேட்டேன். எனக்குத் தோட்டமும் இல்லை, மோட்டாரும் இல்லை. அது இருக்கட்டும். மனுசன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "லோடு ஜாஸ்தியானா ஸ்டார்ட்டர் ட்ரிப் ஆகுமுங்க. ட்ரிப் ஆனா ஏன் ஆச்சுன்னு பார்க்கணும். நம்மாளுக பார்க்க மாட்டாங்க. தண்ணி பாயற அவசரத்துல பட்டனுக்குக் குச்சியை முட்டுக் கொடுத்து ஓட்டுவாங்க. காயில் கருகினப்புறம் எங்கிட்ட தூக்கிட்டு வருவாங்க."

அப்போதுதான் அந்த அம்மா பேசினார். "இவரு முட்டுக் கொடுக்கறது குவார்ட்டருங்க. நாலு மாசமா."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஐந்து நிமிடம் யாரும் பேசவில்லை. அப்புறம் மெதுவாக வந்தது. மச்சினன் வாங்கிய கடனுக்கு ஜாமீன் போட்டிருக்கிறார். மச்சினன் கையை விரித்துவிட்டான். கடன்காரன் பட்டறை வாசலில் வந்து நிற்கிறான். வீட்டில் சொன்னால் மனைவிக்குக் கஷ்டம், ஏனென்றால் அது அவர் தம்பி. நாலு மாதம் மென்று விழுங்கியிருக்கிறார். அதைத்தான் கேஸ் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மருத்துவர் மாத்திரை கொடுத்தார். முதல் வாரமே வந்து "ஒண்ணும் கேட்கலீங்க" என்றார். மனச்சோர்வுக்கான மாத்திரை தலைவலி மாத்திரை மாதிரி இல்லை, வேலை செய்ய இரண்டு மூன்று வாரமாவது ஆகும், சரியானதும் நாமாக நிறுத்தவும் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. கடன் உடனே தீர்ந்துவிடவில்லை. ஆனால் தூங்க ஆரம்பித்தார், மனைவியோடு உட்கார்ந்து கணக்குப் போட்டார். ஒரு வருடம் கழித்து இன்னொருவரைக் கையோடு இழுத்து வந்தார். "சார், இவனுக்கும் கேஸுங்க."

இந்தக் கதையை எத்தனை இடத்தில் சொல்லியிருப்பேனோ. ஸ்டார்ட்டர் ட்ரிப் ஆகிற இடத்தைத்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். ஆண்களுக்கு அது அழுகையாக வருவது குறைவு. சாம்பாரில் உப்பில்லை என்று தட்டை வீசுவதாக வரும். வண்டியை முறுக்குவதாக வரும். அடிக்கிற போனை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருப்பதாக வரும். எப்போதும் போகிற டீக்கடைக்குப் போகாமல் சுற்றுவழியில் போவார்கள். இவை இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் பட்டனை அமுக்காதீர்கள். ஏன் என்று பாருங்கள். குடித்தால் தூக்கம் வருகிறதே என்பார்கள். வரும், பாதி ராத்திரியில் கலைந்தும் போகும். அந்த மூன்று மணி விழிப்புக்கு அதுவும் ஒரு காரணம்.

ஊருக்கு உபதேசம் என்று நினைக்காதீர்கள். ஓய்வு பெற்ற புதிதில் நானே மூன்று மாதம் பேப்பர் படிக்கவில்லை. கண்ணாடி பவர் மாறிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கண்டுபிடித்தது என் மனைவி. "கண்ணுக்கு ஒண்ணுமில்லை, உங்களுக்குத்தான் என்னமோ" என்றார்.

2022ஆம் ஆண்டின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில், நாட்டில் தற்கொலையால் போனவர்கள் 1,70,924 பேர். அதில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேல் ஆண்கள். நான்கில் ஒருவர் தினக்கூலி. தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான். இவர்களில் எத்தனை பேர் 'கீழ்ப்பாக்கம் கேஸு' என்று நாலு பேர் சிரிப்பார்களே என்று பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தார்களோ. 1794இல் தொடங்கி இருநூறு வருடத்துக்கும் மேலாக வைத்தியம் செய்கிற மனநல மருத்துவமனை அது. அதன் பேரை வசவாக்கி வைத்திருக்கிறோம். இதைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசுவேன்...

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடம். சரி, வேகமாகச் சொல்கிறேன்.

நண்பருக்கு என்னவோ என்று தோன்றினால் "என்னடா பிரச்சினை?" என்று கேட்காதீர்கள், "ஒண்ணுமில்லை" என்பான். "நேத்து தூங்கினியா?" என்று கேளுங்கள். எதிரே உட்கார வைத்துக் கேட்பதைவிட, வண்டியில் பக்கத்தில் போகும்போது கேட்டால் பதில் வரும். சாகலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தற்கொலைக்கு முயன்றவர் மேல் வழக்கு வருமோ என்று பயந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் இருக்காதீர்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. நேரில் போகக் கூச்சமாக இருந்தால், போனில் மனநல ஆலோசனை சொல்லும் அரசு உதவி எண் இருக்கிறது: டெலிமனாஸ், 14416. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம், ராத்திரி மூன்று மணிக்கும் எடுப்பார்கள்.

வீட்டுப் பெண்களுக்கென்று இரண்டு பக்கம் தனியாக எழுதிக்கொண்டு வந்தேன், அது கையிலேயே இருக்கிறது. ஒரு விரல் ஆகிவிட்டது. எண்ணை மட்டும் இன்னொரு தரம் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்: ஒன்று, நான்கு, நான்கு, ஒன்று, ஆறு. வணக்கம்.