மாற்றியமைத்த பைக்கும் தகுதிச் சோதனையும்

வணக்கம் நேயர்களே.

பைக்கை வாங்கியபடியே ஓட்டுகிறவர்கள் ஒரு ரகம். தன் உயரத்துக்கும் கைக்கும் ரசனைக்கும் ஏற்றபடி மாற்றிக்கொள்கிறவர்கள் இன்னொரு ரகம். பட்டறையில் என் வேலை இந்த இரண்டாம் ரகத்தோடுதான். வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் தகுதிச் சோதனையின் தேதி நெருங்கினால் அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றே: "இவ்வளவு மாத்தியிருக்கேன், விடுவாங்களா?"

எந்த மாற்றத்துக்கு அனுமதி உண்டு, எதற்கு முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன்பே அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால், முழு அனுமதி உள்ள மாற்றத்தோடு வரும் வண்டிகளும் சோதனையில் தவறுகின்றன. பெரும்பாலும் புதிதாகப் போட்ட பொருளில் குறை இருக்காது. அதன் பக்கத்தில் இருக்கும் பழைய பொருள் புதிய நிலைமைக்கு ஈடுகொடுக்காமல் போயிருக்கும். அதைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

ஹேண்டில்பாரை எடுத்துக்கொள்வோம். பலரும் முதலில் கை வைப்பது அதில்தான். உயரமான பார் போட்டால் கைப்பிடி மேலே போய்விடுகிறது. அங்கிருந்து இறங்கும் ஆக்சிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள், முன் பிரேக்குக்கு ஆயில் கொண்டுபோகும் ஹோஸ், சுவிட்ச் ஒயர்கள் எல்லாம் பழைய உயரத்துக்கு அளவெடுத்தவை. வண்டி நேராக நிற்கும்போது ஒன்றுமே தெரியாது. இன்ஜினை ஸ்டார்ட் செய்து நியூட்ரலில் விடுங்கள். ஆக்சிலரேட்டரைத் தொடாமல் பாரை இடது கோடி வரை திருப்புங்கள், பிறகு வலது கோடி வரை. இன்ஜின் சத்தம் கொஞ்சம் ஏறினாலும் கேபிள் இழுபடுகிறது என்று பொருள். யூ-டர்ன் எடுக்கும்போது, நீங்கள் முறுக்காமலே வண்டி முன்னால் பாயும். மெதுவாகத் திரும்பும் அந்த நேரத்தில் கால் ஊன்றக்கூட அவகாசம் கிடைக்காது. விவரம் தெரிந்த சோதனையாளர் இதைக் கட்டாயம் பார்ப்பார்.

பிரேக் ஹோஸுக்கு இன்னும் கடுமையான சோதனை உண்டு. முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிடுங்கள். அதைத் தாங்கும் ஃபோர்க் முழுதாக நீண்டுவிடும். அந்த நிலையில் பாரை இரு பக்கமும் கோடி வரை திருப்பினாலும் ஹோஸில் ஒரு தளர்ந்த வளைவு மிஞ்ச வேண்டும். விறைத்து நின்றால், பெரிய பள்ளத்தில் சக்கரம் கீழே இறங்கும் போதெல்லாம் ஹோஸ் இணைப்பில் இழுவை விழும். நீளமான ஹோஸ் மாற்றும்போது இணைப்பில் உள்ள செம்பு வாஷர்களையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். ஒருமுறை நசுங்கிய வாஷர் மறுபடி சரியாக அடைக்கும் என்று நம்ப முடியாது. பார் தாழ்வானதாக இருந்தால் சிக்கல் வேறு: கோடி வரை திருப்பும்போது கட்டைவிரல் டேங்குக்கும் கைப்பிடிக்கும் நடுவில் மாட்டும். அந்தக் குறை ஒன்றே வண்டியைத் திருப்பி அனுப்பப் போதும்.

அடுத்து சைலன்சர். சத்தம் என்பது கருத்து வேறுபாடு என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு முறையான அளவீடு இருக்கிறது. வண்டி நின்றபடி எடுக்கும் அளவீட்டில், மைக்ரோஃபோனைப் புகைவாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 பாகை கோணத்தில் வைப்பார்கள். உச்ச சக்தி 5000 ஆர்.பி.எம்.முக்கு (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) மேல் கிடைக்கும் இன்ஜினை, அந்த உச்ச சக்தி கிடைக்கும் வேகத்தில் பாதியில் ஓடவிட்டுப் பார்ப்பார்கள். பல வண்டிகளின் ஃபிரேமில் ஒட்டிய தகட்டில், எத்தனை ஆர்.பி.எம்.மில் எத்தனை டெசிபல் என்றே அச்சடித்திருக்கும். டெசிபல் கணக்கு சாதாரணக் கூட்டல் மாதிரி இல்லை. 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரு மடங்கு. "ரெண்டு மூணுதானே கூடியிருக்கு" என்று சொல்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

வெளிச்சந்தை சைலன்சர் வாங்கினால் அதன் உடம்பில் குத்திய அங்கீகார எண் இருக்கிறதா, உங்கள் மாடலுக்குத்தான் அந்த அங்கீகாரமா என்று பாருங்கள். உள்ளே வரும் சத்தம் குறைக்கும் குழாயைக் கழற்றிவிட்டால் அந்த அங்கீகாரத்துக்கு மதிப்பில்லை. இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. உள்ளே சுற்றியிருக்கும் கண்ணாடி இழைப் பஞ்சு சூட்டில் நாளடைவில் கருகி, புகையோடு வெளியேறிவிடும். புதிதாக இருந்தபோது தேறிய அதே சைலன்சர் சில ஆண்டுகள் கழித்துத் தவறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பஞ்சை மாற்றினால் போதும், புது சைலன்சர் தேவைப்படாது. ஆனால் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையே கழற்றி எறிந்திருந்தால், புகைச் சோதனை உள்ள இடத்தில் தப்பிக்க வழியில்லை.

சைலன்சருக்கும் ஒரு பக்கத்து வீட்டுக்காரர் உண்டு: மெயின் ஸ்டாண்டு. சில வண்டிகளில் மடங்கிய ஸ்டாண்டு முட்டி நிற்கும் ரப்பர் பழைய சைலன்சரில்தான் இருக்கும். சைலன்சர் போனால் ரப்பரும் போய்விடும். பிறகு ஸ்டாண்டு மேலேறி செயினையோ, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மையோ உரசும். வண்டிக்கடியில் குனிந்து பார்த்தால் உரசிய இடத்தில் பெயின்ட் போய் உலோகம் பளபளக்கும்.

விளக்குகளில், இண்டிகேட்டர் நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை மினுங்குவதுதான் பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. பழைய பல்புக்குப் பதில் எல்.ஈ.டி. போட்டதும் அது படபடவென்று அடிக்கத் தொடங்கும். எல்.ஈ.டி. இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு. அதனால் இண்டிகேட்டரை மினுங்கவைக்கும் பழைய ரிலே, பல்பு ஃபியூஸ் போய்விட்டது என்றே எடுத்துக்கொள்கிறது. எல்.ஈ.டி.க்கு ஏற்ற ரிலே போடுவதுதான் சரியான தீர்வு. ரெசிஸ்டர் போட்டும் சமாளிக்கலாம், ஆனால் அது நன்றாகச் சூடாகும், பிளாஸ்டிக்கில் ஒட்டி வைக்கக் கூடாது. ஹெட்லைட்டிலும், இழை பல்புக்காக வடிவமைத்த ரிஃப்ளெக்டர் கிண்ணத்துக்குள் எல்.ஈ.டி.யைச் செருகுவதை நான் ஆதரிப்பதில்லை. ஒளி பிறக்கும் புள்ளி கொஞ்சம் நகர்ந்தாலும் கற்றை சிதறி எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். பிரேக் லிவரையோ, அது அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரையோ மாற்றியவர்கள் முன் பிரேக்கைப் பிடித்து பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். அந்தச் சின்ன சுவிட்ச்சை இணைக்க மறந்துபோவது அடிக்கடி நடக்கிறது. பின் மட்கார்டை வெட்டியவர்கள், அதோடு போன சிவப்பு ரிஃப்ளெக்டரையும் நம்பர் பிளேட் விளக்கையும் வேறிடத்தில் மறுபடி பொருத்தியே ஆக வேண்டும். ஹாரன், கண்ணாடி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, இருக்க வேண்டும், வேலை செய்ய வேண்டும்.

வண்டியின் உயரத்தைக் குறைப்பதுதான் நிறைய இடங்களில் கை வைக்கும் மாற்றம். பின்பக்கம் இறங்கினால் ஹெட்லைட் மேல்நோக்கிப் பார்க்கும். சைடு ஸ்டாண்டு நீளமாகிப்போய் வண்டி ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும், லேசாகத் தள்ளினாலே மறுபக்கம் சாயும். பின்னால் ஆளை உட்காரவைத்து அழுத்தினால் டயர் மட்கார்டின் உட்பக்கத்தைத் தொடும். ஆகவே ஹெட்லைட் கற்றையைக் கீழே இறக்குங்கள், சின்ன ஸ்டாண்டு போடுங்கள், உட்பக்கத்தில் தேய்ந்த தடம் இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள்.

டயரின் பக்கச் சுவரில் பாரம், வேகம் இரண்டுக்கும் குறியீடு இருக்கும். வண்டிக்குச் சொன்னதைவிடக் குறைந்ததைப் போடக் கூடாது. அங்கேயே நான்கு இலக்க எண் ஒன்றும் உண்டு. 3523 என்றிருந்தால் 2023ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் தயாரானது.

ஃபிரேம் விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. சீட் அழகாக உட்கார வேண்டும் என்பதற்காகப் பின் ஃபிரேமை வெட்டி வெல்டிங் வைக்கும்போது, பற்றவைத்த கோட்டுக்குப் பக்கத்திலுள்ள உலோகம் சூட்டில் தன் பலத்தை இழக்கலாம். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. தகுதியுள்ள பொறியாளரின் எழுத்துச் சான்று இல்லாமல் அந்த வேலையில் இறங்காதீர்கள். பவுடர் கோட்டிங் (பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கும் பூச்சு) கொடுப்பவர்களும் கவனியுங்கள்: அந்தப் பூச்சு தடிமனானது, பொறித்த சேஸிஸ் எண்ணின் குழிகளை நிரப்பிவிடும். எண்ணைப் படிக்க முடியாத வண்டியை எந்தச் சோதனையாளரும் தேற்ற மாட்டார். கோட்டிங்குக்கு அனுப்பும் முன் சூடு தாங்கும் டேப்பால் அந்த இடத்தை மூடச் சொல்லுங்கள்.

சோதனைக்குப் போகும்போது வண்டியைக் கழுவி எடுத்துப் போங்கள். ஆயில் கசிவு இருந்தால் முதலில் நீங்களே பார்த்துவிடலாம். ஒவ்வொரு மாற்றுப் பொருளின் சான்றையும், அதில் உள்ள எண் பொருளின் மேல் எங்கே பொறித்திருக்கிறது என்று காட்டும் படத்தையும் ஒரே கோப்பில் வையுங்கள். தவறிவிட்டால் வாதாட வேண்டாம். எந்த இடம் என்று கைவைத்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், மறுசோதனைக்கு எத்தனை நாள் அவகாசம் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய பாகங்களை விற்றுவிடாமல் வைத்திருந்தால் அந்த அவகாசத்துக்குள் வேலை முடிந்துவிடும். தேறியதும், செய்த மாற்றங்களைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, அவர்கள் ஏற்றுக்கொண்டதற்கான பதிலையும் அதே கோப்பில் சேர்த்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.