பெங்களூரு குளிச்ச தண்ணியும் கெலவரப்பள்ளி நுரையும்

எல்லாருக்கும் வணக்கம். கடைசி வரிசைக்கு மைக் கேக்குதுங்களா? சரி.

நம்ம டேம்ல பொங்குற நுரையைப் பத்திதான் பேசச் சொன்னாங்க, ஆனா அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. ஏப்ரல் மாசம், ஒரு சொட்டு மழை இல்ல, அப்பவும் ஓசூர் பக்கத்துல நம்ம கெலவரப்பள்ளி டேமுக்கு தண்ணி வருதே, எங்கேர்ந்து வருது? டேமுக்கு வர்ற நம்ம ஆறு தென்பெண்ணை நந்தி மலையிலதான் பொறக்குது, ஆனா கோடையில நம்ம கண்ணுல படுறது பெரும்பாலும் பெங்களூரு குளிச்சு, துவைச்சு, ஃப்ளஷ் பண்ணின தண்ணி. இன்னும் பின்னாடி போனா அதுல பெரும்பகுதி காவிரித் தண்ணி, சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருந்து பம்ப் பண்ணி மேடேத்தி கொண்டு வந்தது. ஊரோட கிழக்குப் பக்கச் சாக்கடை பெல்லந்தூர் ஏரி, வர்தூர் ஏரி வழியா நம்ம ஆத்துல சேருது. 2024 அக்டோபர்ல பெங்களூருக்கான காவிரிக் குடிநீர்த் திட்டத்தோட அஞ்சாவது ஸ்டேஜ் திறந்தாங்க, தினமும் இன்னும் 77.5 கோடி லிட்டர். குடிக்கிற தண்ணி கூடினா சாக்கடையும் கூடத்தானே செய்யும்?

சாக்கடையைச் சுத்தம் பண்ற பிளான்ட் இருக்கே, சுத்தம் பண்ணலியான்னு கேப்பீங்க. பண்றாங்க. ஏரேஷன் டேங்க்னு ஒண்ணு இருக்கும், காப்பிக் கலர்ல தண்ணி கொதிக்கிற மாதிரி குமிழ் விடும், கீழேர்ந்து காத்து அடிப்பாங்க, அந்தக் காத்துல பாக்டீரியா பெருகி கழிவைத் தின்னும், அப்புறம் அடுத்த டேங்க்ல அந்த பாக்டீரியாவே சேறா அடியில தங்கிடும், மேல தெளிஞ்ச தண்ணி வெளிய போகும். காத்தை ஒழுங்கா அடிச்சா டிடர்ஜென்ட்ல இருக்கிற நுரை கிளப்புற சரக்குலயும் பெரும்பகுதி அங்கேயே சிதைஞ்சிடும். அப்ப நம்ம ஷட்டர்ல நுரை ஏன் வருது? பைப்புக்குள்ள வராத சாக்கடைதான் காரணம், நேரா ராஜகாலுவேயில, அதாவது ஊரோட பெரிய மழைத்தண்ணி வாய்க்கால்ல விழுந்து பிளான்ட் பக்கமே எட்டிப் பாக்காம ஏரிக்கு வந்துடுது. ஏரி அடிச் சேத்துல தங்கினதை மழை கிளறி விடுது, ஷட்டர் தூக்கினதும் தண்ணி விழுற வேகத்துல காத்து கலந்து ஆளுயரத்துக்கு நிக்குது, தரைப்பாலமே தெரியாம மூடிக்குது.

நுரையையாவது கண்ணால பாக்கலாம். பாஸ்பேட், அதாவது தண்ணியில கரைஞ்ச பாஸ்பரஸ், கண்ணுக்குத் தெரியாது. இப்பச் சொன்ன மாதிரி பாக்டீரியாவை வெச்சு சுத்தம் பண்ற சாதாரண செகண்டரி பிளான்ட் எவ்வளவு நல்லா ஓடினாலும் பாஸ்பரஸ்ல பாதிக்கு மேல வெளிய விட்டுடும், அதுக்குன்னு தனியா ஒரு ஸ்டேஜ் வெச்சாத்தான் பிடிக்கும். ஆகாயத்தாமரை டேமை மூடுறதுக்கு அதுவே உரம். ராத்திரியில பாசி ஆக்சிஜனை இழுத்துக்கும், விடியக்காலைல மீன் செத்து மிதக்கும்.

2018 டிசம்பர்ல பெல்லந்தூர், வர்தூர் விஷயத்துல பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடகா அரசுக்கு 50 கோடி ஃபைன் போட்டுச்சு. போடட்டும், ஆனா எனக்கு பயம் வேற. அதே 2018 ஜூன்லேர்ந்து பெங்களூரு கோரமங்களா சல்லகட்டா பள்ளத்தாக்கு பிளான்ட்ல சுத்தம் பண்ணின தண்ணியை கோலார் ஏரிகளுக்கு பம்ப் பண்றாங்க, திட்டம் தினம் 44 கோடி லிட்டர். ஜூலையிலேயே அங்க லட்சுமிசாகரா ஏரியில நுரை வந்து கோர்ட்டு கேஸுன்னு போச்சு, அப்புறம் மறுபடியும் ஓடுச்சு. கோலார் வறண்ட ஊரு, அவங்க கேக்கறதுல தப்பே இல்ல. ஆனா சுத்தம் பண்ணினது மேட்டுக்கு ஏறி அங்க போயி, பண்ணாதது பள்ளத்துல உருண்டு இங்க வந்தா நம்ம கதி என்ன? சாக்கடையை விடாதேன்னு மட்டும் நாம கத்தினா, சரி விடலன்னு மொத்தமா திருப்பிடுவாங்க, அப்ப ஏப்ரல்ல தக்காளிக்கும் ரோஜாவுக்கும் எதைப் பாய்ச்சுவீங்க? தண்ணியும் வரணும், சுத்தமாவும் வரணும், ரெண்டையும் ஒரே மனுவுல எழுதணும்.

அதனால அடுத்த தடவை அதிகாரி வந்தா நுரை ஃபோட்டோவைக் காட்டாதீங்க, அவர் ஃபோன்லயே நூறு இருக்கும். எல்லையை எவ்வளவு தண்ணி தாண்டுது, அதுல பாஸ்பேட் எவ்வளவு, அம்மோனியா எவ்வளவு, மாசாமாசம் டேம் கேட்டுல போர்டு வெச்சு எழுதச் சொல்லுங்க. கேள்வி இருக்கிறவங்க இப்பவே கேளுங்க.