அம்மாவுக்கு ஒரு பக்கம்

வணக்கம். முன்வரிசையில் மாற்றுத்திறனாளிப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அம்மாக்களே, இன்று உங்களைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். அதிகாரிகளும் கேட்டுக்கொள்ளட்டும்.

நான் பிசியோதெரபிஸ்ட். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மூளை முடக்குவாதம் உள்ள ஒன்பது வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு ஓர் அம்மா வருவார். இரண்டு பஸ் மாற வேண்டும். "சொன்ன பயிற்சியெல்லாம் வீட்டுல செஞ்சீங்களாம்மா?" என்று கேட்பேன். தலை குனிந்துகொள்வார். அவரைக் கோபித்துக்கொண்டதும் உண்டு. களையெடுக்கப் போய்விட்டு வந்து, உலை வைத்து, அவனுக்கு ஒரு வேளைச் சோறு ஊட்டி முடிக்கவே ஒரு மணி நேரம் ஆகும் என்பதை நான் விசாரிக்கவே இல்லை. அந்தக் கோபம் இன்றும் என்னை உறுத்துகிறது.

2012-இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் ரோசன்பாம், யான் வில்லம் கோர்ட்டர் இருவரும் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். குறையைச் சரிசெய்வதிலேயே குறியாக இருக்காதீர்கள், செயல்பாடு, குடும்பம், உடல்நலம், விளையாட்டு, நட்பு, எதிர்காலம் ஆகிய ஆறையும் சேர்த்துப் பாருங்கள் என்றார்கள். படித்தபோது அந்த அம்மாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது. தனியாக அரை மணி நேரப் பயிற்சி என்று எழுதிக் கொடுத்ததற்குப் பதில், குளிப்பாட்டும்போதும் ஊட்டும்போதும் அவனை எப்படி உட்காரவைப்பது என்று சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

இதை நம் ஊரிலேயே செய்கிறார்கள். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. விபத்தில் கைகால் செயலிழந்த ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கியது. அங்கிருந்து பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு தேடிப் போய்க் குழந்தையோடும் குடும்பத்தோடும் சேர்ந்து வேலை செய்கிறார்கள்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, அதிக ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி பற்றிப் பேசுகிறது. மாற்றுத்திறனாளிப் பிள்ளையை வளர்க்கும் தாய்க்குக் குழந்தைப் பராமரிப்பு விடுப்பை மறுப்பது அரசியல் சாசனக் கடமையை மீறுவதாகும் என்று 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே சொன்னது. மனதார வரவேற்கிறேன். ஆனால் அந்த வழக்கு அரசுக் கல்லூரி ஆசிரியையுடையது. களையெடுக்கிற அம்மாவுக்கு யார் விடுப்பு தருவது? நம் அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. நூறு நாள் வேலையின் 2025-26 கூலிப்படி பார்த்தால் அது ஏறக்குறைய ஒரு வாரக் கூலி. மீதி மூன்று வாரம்?

அதனால் ஒரு கோரிக்கை. சான்றிதழுக்காகக் குறைபாடு 40 சதவீதமா என்று பிள்ளையை அளக்கும் முகாமிலேயே, கூட வந்தவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். இரவில் எத்தனை மணி நேரம் தூங்குகிறார், எந்த வேலையை விட்டார், முதுகு வலிக்கிறதா, மாற்றிப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இருக்கிறதா என்று கேட்டு எழுதுங்கள். பராமரிப்பாளர் படியை அதை வைத்து முடிவு செய்யுங்கள். இப்போது நான் புதிதாக வரும் அம்மாக்களிடம் இந்தக் கேள்விகளைத்தான் முதலில் கேட்கிறேன். பயிற்சி அப்புறம்தான்.