தபால் வாக்கு வீட்டுக்குள் வந்தால் குடும்பவாதம் என்ன சொல்லும்? நேயர் கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்விக்கு வருவோம். நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "சமூகத்தின் அடிப்படை தனிமனிதர் அல்ல, குடும்பம்தான் என்று சொல்லும் அரசியல் கொள்கைகளைப் பற்றிப் போன முறை பேசினீர்கள். அப்படி நம்புகிறவர்கள் தபால் வாக்கை ஆதரிப்பார்களா, எதிர்ப்பார்களா? வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து வாக்களிப்பது அவர்களுக்குப் பிடித்த ஏற்பாடாகத்தானே இருக்கும்?"

நல்ல கேள்வி. குடும்ப அரசியல் என்றதும் நம் ஊரில் அப்பாவுக்குப் பிறகு மகன் என்கிற வாரிசு அரசியல்தான் நினைவுக்கு வரும். நேயர் கேட்பது அதை இல்லை. ஐரோப்பாவின் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிகள் மாதிரி, அரசுக்கும் முன்னால் இருந்தது குடும்பம், அதைக் காப்பதுதான் அரசின் முதல் வேலை என்று சொல்லும் கொள்கைகளைக் கேட்கிறார். சுருக்கமாகக் குடும்பவாதம் என்று வைத்துக்கொள்வோம். பிடித்த ஏற்பாடாகத்தான் இருக்கும் என்று சட்டென்று சொல்லிவிடலாம். ஆனால் வரலாற்றைப் பார்த்தால் அவ்வளவு நேராக இல்லை.

முதலில் வாக்குச்சாவடியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கணவனும் மனைவியும் ஒரே வண்டியில் வருகிறார்கள், சாவடிக்குள்ளும் ஒன்றாகவே நுழைகிறார்கள். ஆனால் அந்த அட்டைத் தடுப்புக்குப் பின்னால் ஒருவர்தான் போக முடியும். மாமனார் எட்டிப் பார்க்க முடியாது, மகன் கையைப் பிடித்துக் காட்ட முடியாது. குடும்பத்திலிருந்து உங்களை ஒரு நிமிடம் அரசே பிரித்து நிறுத்துகிறது. தபால் வாக்கில் அந்தத் தடுப்பு கிடையாது. வாக்குச்சீட்டு வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிடுகிறது. குடும்பம்தான் எல்லாம் என்கிறவர் அந்த ஒரு நிமிடப் பிரிவை அவமதிப்பாக நினைக்கிறாரா, பாதுகாப்பாக நினைக்கிறாரா? கேள்வியின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

அவமதிப்பு என்று நினைத்த ஒரு பெரிய மரபு உண்டு. நெதர்லாந்தில் ஆபிரகாம் கைப்பர் என்று ஒருவர். போதகர், பத்திரிகையாளர், 1879-இல் புரட்சி எதிர்ப்புக் கட்சி என்ற பெயரில் அந்த நாட்டின் முதல் நவீனக் கட்சியைக் கட்டியவர், 1901 முதல் 1905 வரை பிரதமர். புரட்சி என்று அவர் சொன்னது பிரெஞ்சுப் புரட்சியை. சமூகம் என்பது தனித்தனி மனிதர்களின் கூட்டம் என்ற எண்ணமே அங்கிருந்து வந்த நோய் என்பது அவர் வாதம். குடும்பம், தேவாலயம், பள்ளி இவை ஒவ்வொன்றுக்கும் அதனதன் எல்லைக்குள் சொந்த அதிகாரம் உண்டு, அதற்குள் அரசு தலையிடக் கூடாது என்றார். அப்படியானால் வாக்குரிமை யாருக்கு? குடும்பத் தலைவருக்கு. தனிமனித வாக்குரிமைக்கு மாற்றாக, வீட்டுக்கு ஒரு வாக்கு என்ற திட்டத்தை அந்த இயக்கம் முன்வைத்தது. பெண்களின் வாக்குரிமையை அவர் ஏற்கவில்லை.

அந்தக் கண்ணோட்டத்தில் தபால் வாக்கில் எந்தச் சிக்கலும் இல்லை. வீட்டுக்கு ஒரு வாக்கு என்றால், வீட்டுக்குள் யாரிடமிருந்து யார் மறைப்பது? தலைவர் சாவடிக்குப் போய்ப் போட்டாலும் ஒன்றுதான், மேசையில் வைத்துப் போட்டாலும் ஒன்றுதான். நேயர் சொன்ன பதில் இந்த வகைக் குடும்பவாதத்துக்கு அப்படியே பொருந்தும்.

ஆனால் கைப்பர் அதில் தோற்றுப்போனார். 1917-இல் எல்லா ஆண்களுக்கும், 1919-இல் பெண்களுக்கும் தனித்தனி வாக்கு வந்துவிட்டது. 1917-இல் நடந்தது ஒரு பெரிய சமரசம்: மதப் பள்ளிகளுக்கு அரசுப் பள்ளிகளுக்குச் சமமான நிதி கிடைத்தது, பதிலுக்குத் தனிமனித வாக்குரிமை வந்தது. பள்ளியைக் குடும்பம் தேர்ந்தெடுக்கட்டும், ஆட்சியை ஆள் ஆளாகத் தேர்ந்தெடுக்கட்டும் என்று ஆனது.

அப்புறம் நெதர்லாந்தில் நடந்ததைப் பாருங்கள். 1928-இலேயே பதிலி வாக்கு வந்தது. இன்றைக்கும் இருக்கிறது. உங்களால் போக முடியவில்லை என்றால், வீட்டுக்கு வந்த வாக்களிப்பு அட்டையின் பின்பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, அடையாள அட்டை நகலோடு வேறொரு வாக்காளரிடம் கொடுத்துவிடலாம். அவர் தன் வாக்கைப் போடும்போதே உங்களுடையதையும் போட்டுவிடுவார். வழக்கமாக ஒருவர் இரண்டு பேருக்குப் பதிலியாக இருக்கலாம். நீங்கள் சொன்னபடிதான் போட்டாரா என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. ஐரோப்பியப் பாதுகாப்பு அமைப்பின் தேர்தல் பார்வையாளர்கள் இதைக் குறைசொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அந்த நாட்டு மக்கள் கவலைப்பட்ட மாதிரி தெரியவில்லை. கொரோனா காலத்தில், 2021 மார்ச் தேர்தலில், உள்நாட்டில் 70 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும் தபால் வாக்கு கொடுத்தார்கள். இரண்டு உறை, ஒரு கையெழுத்திட்ட அட்டை என்ற ஏற்பாட்டில் பல முதியவர்கள் தடுமாறி, எதை எந்த உறைக்குள் வைப்பது என்று தெரியாமல் அனுப்பிவிட்டார்கள். எண்ணிக்கை நடந்துகொண்டிருக்கும்போதே விதியைத் தளர்த்த வேண்டி வந்தது. குடும்பத்தில் ஒருவர் கையில் கொடுப்பது அவர்களுக்குப் பழகிய விஷயம், தபால் புதிது. என் கணிப்பில், வீட்டுக்கு ஒரு வாக்கு என்ற பழைய எண்ணத்தின் நிழல் அந்தப் பதிலி முறையில் இன்னும் கொஞ்சம் விழுந்துதான் கிடக்கிறது.

இதைவிட முக்கியமான உதாரணம் மேற்கு ஜெர்மனி. அங்கே கூட்டாட்சித் தேர்தலில் தபால் வாக்கைக் கொண்டுவந்தது யார் ஆட்சி தெரியுமா? அந்த நாட்டின் முதல் பிரதமர் (சான்சலர்) கொன்ராட் அடெனாவரின் கிறிஸ்தவ ஜனநாயக ஆட்சி. 1953-இலேயே குடும்ப நலனுக்கென்று தனி அமைச்சகம் திறந்தவர்கள். முதல் அமைச்சர் ஃபிரான்ஸ் யோசஃப் வூர்மெலிங், தீவிரக் கத்தோலிக்கர். நிறையக் குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கு ரயில் கட்டணச் சலுகை வாங்கிக் கொடுத்தவர். இப்படிப்பட்ட ஆட்சிதான் 1956-இல் தேர்தல் சட்டத்தில் தபால் வாக்கைச் சேர்த்தது. நோயாளிகள், முதியவர்கள், அன்றைக்கு ஊரில் இல்லாதவர்கள் காரணம் சொல்லிக் கேட்கலாம். 1957 தேர்தலில் 4.9 விழுக்காட்டினர் அப்படி வாக்களித்தார்கள். படுத்த படுக்கையில் இருக்கும் அம்மாவும், அவரை விட்டு நகர முடியாத மகளும் வாக்கை இழக்கக் கூடாது. இதுவும் குடும்பத்தை மையமாக வைத்த வாதம்தான். கைப்பருடையதுக்கு நேர் எதிர்த் திசையிலிருந்து வருகிறது. அங்கே குடும்பம் ஒரே குரல். இங்கே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளும் இடம். அந்தப் பொறுப்பைச் சுமப்பதற்காக யாரும் குடிமகன் என்ற உரிமையை இழக்கக் கூடாது.

ஆனால் அதே 1957-ஐக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு அதே நாடாளுமன்றம் ஆண் பெண் சமத்துவச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. பெயர்தான் சமத்துவம். பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோருக்குள் கருத்து வேறுபாடு வந்து தீரவில்லை என்றால் அப்பா சொல்வதே முடிவு என்று அதற்குள்ளேயே எழுதி வைத்தார்கள். மனைவி வேலைக்குப் போகலாம், ஆனால் இல்லறக் கடமைகளுக்குக் குந்தகம் வராத வரைக்கும்தான். அந்த வரி 1977 வரை நீடித்தது. அப்பாவின் இறுதிச் சொல்லை ஆளும் கட்சிக்குள்ளிருந்தே எதிர்த்தவர் எலிசபெத் ஷ்வார்ட்ஸ்ஹௌப்ட். பின்னால் 1961-இல் அந்த நாட்டின் முதல் பெண் மத்திய அமைச்சரானவர். 1959 ஜூலை 29-இல் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்தது.

இப்போது யோசித்துப் பாருங்கள். அப்பா சொல்வதுதான் முடிவு என்று நாடாளுமன்றமே அப்போதுதான் எழுதிக்கொண்டிருக்கிற வீட்டுக்கு, அம்மாவின் பெயரில் ஒரு வாக்குச்சீட்டு தபாலில் வருகிறது. அதை எந்த அறையில் வைத்து அவர் நிரப்புவார்? எனக்கு இந்த இடம் ரொம்ப உறுத்துகிறது. நேயரே, நீங்கள் சொன்ன "எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து" என்பது ஒரு வீட்டில் அன்பாக இருக்கும், அடுத்த வீட்டில் கட்டளையாக இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு மேசையும் ஒரே மாதிரிதான் தெரியும்.

ஜெர்மானியர்கள் இதை மறக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இன்றைக்கு அங்கே தபால் வாக்குக்கு வருகிற உறைகளைப் பாருங்கள். குறியிட்ட சீட்டை ஓர் உறைக்குள் போட்டு ஒட்ட வேண்டும். அந்த உறையையும் வெள்ளைச் சான்றுத் தாளையும் சேர்த்துச் சிவப்பு உறைக்குள் போட வேண்டும். அந்த வெள்ளைத் தாளில்தான் கையெழுத்து. இந்தச் சீட்டில் நானே குறியிட்டேன் என்று உறுதிமொழி. பொய் சொன்னால் தண்டனைக்குரிய குற்றம். படிக்க முடியாதவருக்கோ கை நடுங்குகிறவருக்கோ உதவி செய்தவர் என்றால் அவருக்குத் தனி வரி: வாக்காளர் தெரிவித்த விருப்பப்படியே குறியிட்டேன் என்று உதவியாளர் கையெழுத்துப் போட வேண்டும். உதவுகிறவருக்கு 16 வயதாவது நிரம்பியிருக்க வேண்டும். மகள் அம்மாவுக்கு உதவலாம்; ஆனால் அம்மாவின் விருப்பம் வேறு, என் விருப்பம் வேறு என்று எழுத்தில் ஒப்புக்கொண்டுதான் உதவ முடியும். குடும்பத்துக்கும் தனிமனிதருக்கும் நடுவே இதைவிடக் கவனமாகப் போட்ட கோட்டை நான் பார்த்ததில்லை.

நீதிமன்றமும் தபால் வாக்கை 1967, 1981, 2013 என்று மூன்று முறை பார்த்தது. மூன்று முறையும் செல்லும் என்றது. எல்லோருக்கும் வாக்கு சென்று சேர வேண்டும் என்ற கொள்கைக்காக, ரகசியத்தைக் காக்கும் பொறுப்பில் ஒரு பங்கை வாக்காளரிடமே ஒப்படைக்கலாம் என்பது அடிப்படை. முறைகேடு வந்தால் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று 1981-இல் எச்சரிக்கவும் செய்தது. 2008-இல் காரணம் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையே போனது. 2021 தேர்தலில் 47.3 விழுக்காட்டினர் தபாலில் வாக்களித்தார்கள். நோயாளிகளுக்காகத் திறந்த கதவு அது. அந்த ஆண்டு கிட்டத்தட்டப் பாதி நாடு அதன் வழியாகப் போனது. ரகசிய வாக்கை விதியாகவும் தபாலை விலக்காகவும் நினைத்து எழுதிய சட்டம் இந்த அளவுக்கு நீட்டினாலும் தாங்குமா என்பது எனக்குக் கவலையாகவே இருக்கிறது.

பிரிட்டனில் தபால் வாக்கைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்க ஆரம்பித்தார்கள். 2004 பர்மிங்காம் உள்ளாட்சித் தேர்தலில் இரண்டு வார்டுகளில் பெரிய மோசடி என்று அடுத்த ஆண்டே தீர்ப்பு வந்தது. அங்கே சீட்டுகளில் கை வைத்தது குடும்பம் இல்லை, கட்சிக்காரர்கள். ஆனால் வீட்டுக்கு வந்த சீட்டு எத்தனை கைகளுக்குப் போகலாம் என்பது அதில் தெரிந்தது. 2023-இல் இன்னொரு சட்டம் போட்டார்கள்: சாவடித் தடுப்புக்குள் வாக்காளரின் கூடவே இன்னொருவர் போய் அந்த வாக்கைத் திருப்ப முயன்றால் குற்றம், கணவனே ஆனாலும். வீட்டில் நிரப்பும் சீட்டுக்கும் 2022 சட்டம் ரகசியத்தை நீட்டியது. ஆனால் சமையலறையில் யார் நின்று பார்ப்பது?

ஹங்கேரியை ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். 2012-இல் நடைமுறைக்கு வந்த அதன் அரசியல் சாசனம், தேசம் நிலைத்திருப்பதற்கு அடிப்படை குடும்பம் என்றே எழுதியது. அன்றைய பிரதமர் விக்டர் ஓர்பானின் ஃபிடெஸ் கட்சி ஆட்சி, ஹங்கேரியில் முகவரி இல்லாத, ருமேனியா, செர்பியா போன்ற அண்டை நாடுகளில் வாழும் ஹங்கேரியக் குடிமக்களுக்குத் தபால் வாக்கு கொடுத்தது. 2014-இல் அப்படி வந்த வாக்குகளில் 95 விழுக்காட்டுக்கு மேல் ஃபிடெஸுக்கே விழுந்தது. பிழைப்புக்காக லண்டனுக்குப் போன, ஊரில் முகவரி வைத்திருக்கிற பிள்ளைகளோ தூதரகத்துக்கு நேரில் போக வேண்டும். குடும்பம் குடும்பம் என்று பேசுகிறவர்கள் தபால் வாக்கில் என்ன நிலை எடுப்பார்கள் என்பதைக் கொள்கை மட்டும் தீர்மானிப்பதில்லை. யார் வாக்கு யாருக்கு விழும் என்ற கணக்கும் தீர்மானிக்கிறது. இதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

என் கருத்தையும் கேட்பீர்கள். குடும்பத்தை உண்மையாகவே மதிக்கிற கொள்கை, போக முடியாதவருக்கு வாக்கு போய்ச் சேர வேண்டும் என்று கேட்கத்தான் வேண்டும். ஆனால் சீட்டை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ளக் கூடாது; அந்தத் தடுப்பையும் சேர்த்து அனுப்ப வேண்டும். ஜெர்மனியில் சிறிய முதியோர் இல்லங்களுக்கும் மடாலயங்களுக்கும்கூட நடமாடும் தேர்தல் குழு பெட்டியோடு போக வழி இருக்கிறது. நம் நாட்டிலும் 85 வயதைத் தாண்டியவர்கள், 40 விழுக்காடோ அதற்கு மேலோ ஊனம் உள்ளவர்கள் படிவம் 12டி கொடுத்தால் அதிகாரிகள் வீட்டுக்கே வருகிறார்கள். 2024 மக்களவைத் தேர்தலில் இது நாடு முழுவதும் நடந்தது. பெயர் தபால் வாக்குதான். உண்மையில் சாவடியே வீட்டுக்கு வருகிறது. வீடியோ எடுப்பார்கள், ஆனால் யாருக்குக் குறியிடுகிறார் என்பது தெரியாதபடி மறைவு வைக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் அப்படி ஒரு பாட்டியோ தாத்தாவோ இருந்தால், தேர்தல் அறிவிக்கை வந்த ஐந்து நாளுக்குள் அந்தப் படிவம் போய்ச் சேர வேண்டும், தள்ளிப்போடாதீர்கள். அதிகாரிகள் வந்ததும் நாற்காலி போட்டு, கண்ணாடியை எடுத்துக் கொடுத்துவிட்டு, நீங்கள் அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். யாருக்குப் போட்டாய் பாட்டி என்று பிறகும் கேட்காதீர்கள்.

சரி, அடுத்த கேள்வி.