எந்தக் குவாரி என்று கேட்காதீர்கள்

அனைவருக்கும் வணக்கம். பொங்கல் முடிந்த கையோடு, அல்சூரில் ஒரு மண்டபம் நிறைய நம்மவர்கள் பறவைகளுக்காகக் கூடியிருக்கிறீர்கள். நிறைவாக இருக்கிறது. கழுத்தில் பைனாகுலரோடு சில பிள்ளைகளும் தெரிகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை முதலில் சொல்கிறேன்.

பெங்களூருக்கு வெளியே ஒரு குவாரி. கல் எடுத்துவிட்டுக் கைவிட்டுப் போன இடம். எந்தத் திசை என்று கேட்காதீர்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு டிசம்பர் மாலை, அதன் விளிம்பில் நின்று எதிர்ப்பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாறையில் ஒரு துண்டு கண்ணைத் திறந்தது. ஆரஞ்சு நிறக் கண். தலையில் இரண்டு இறகுக் கொம்புகள். கொம்பன் ஆந்தை! அது மெல்ல எழுந்து உடம்பைத் திருப்பி மறுபடி உட்கார்ந்தது. அந்த இடைவெளியில் முட்டைகளைப் பார்த்தேன். சுள்ளி இல்லை, புல் இல்லை. வெறும் மண்படிந்த கல்திட்டில் மூன்று முட்டைகள்.

அன்றிரவே படத்தையும் இடத்தையும் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கண்டதைச் சொல்லும் ஆசை, அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு போனபோது ஒன்பது கார்கள் நின்றிருந்தன. ஒருவர் பாறைச் சரிவில் பாதி தூரம் இறங்கியிருந்தார். இன்னொருவர் கைபேசியில் ஆந்தைக் குரலை ஓடவிட்டுக்கொண்டிருந்தார். தாய் ஆந்தை பட்டப்பகலில் வெளியே வந்து, காக்கைகள் துரத்த, பாறைக்குப் பாறை தாவிக்கொண்டிருந்தது. இரண்டு வாரம் கழித்துத் திட்டு காலியாக இருந்தது.

அங்கே ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் சொன்னார்: “நாலு வருசமா இங்கதான் சார் இருக்குதுங்க. நான் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல.” அவர் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

குளிர்காலம் என்றாலே நமக்கு வலசை வரும் விருந்தாளிகள்தான் நினைவுக்கு வருகிறார்கள். நம் பாறைகளில் கொம்பன் ஆந்தை முட்டையிட்டுக் குஞ்சு வளர்ப்பதும் ஏறக்குறைய இதே மாதங்களில்தான், நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. நாம் அதிகமாகச் சுற்றுகிற காலமே அதன் பிரசவ காலம். இன்னொன்றும் உண்டு. மாந்திரீகத்துக்காக ஆந்தை பிடித்து விற்பவர்கள் இருக்கிறார்கள், குறிப்பாகத் தீபாவளியை ஒட்டி. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடைசெய்கிறது, ஆனாலும் நடக்கிறது. பிடிப்பவனுக்கு நாம் போடும் ஓர் இடக்குறி போதும்.

இடத்தைச் சொல்லக்கூடாது என்ற கட்டுப்பாடு எல்லாப் பறவைக்கும் வேண்டாம். லால்பாக்கில் ஆறுமணிக்குருவி வந்திருக்கிறதா? தாராளமாகச் சொல்லுங்கள். காலையிலும் மாலையிலும் கூவுவதால் நம் ஆட்கள் வைத்த அழகான பெயர் அது. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கூடு கட்டி, இரவில் பறந்து தெற்கே வருகிறது. வழியில் களைத்து அடுக்குமாடி பால்கனியில் விழுவதும் உண்டு. ஓர் அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, தெளிந்ததும் விட்டுவிட்டால் போதும். மூங்கிலடியில் சருகைப் புரட்டிப் புழு பொறுக்கிக்கொண்டிருக்கும்போது கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள்: குட்டை வால், பச்சை முதுகு, அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு. கைபேசியில் குரல் போட்டு மட்டும் கூப்பிடாதீர்கள். எதிரி வந்துவிட்டான் என்று இரை தேடுவதை விட்டு ஓடி வரும்.

ஹெசரகட்டா புல்வெளிக்குக் குளிர்காலத்தில் பூனைப்பருந்துகள் வருவது ஊரறிந்த செய்தி. அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் அவை இரவில் தரையிலேயே, புல்லுக்குள் தங்குகின்றன. அந்தி நேரத்தில் புல்லுக்குள் ஜீப்பை ஓட்டினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

அதற்காக வாயையே மூடிக்கொள்ளச் சொல்லவில்லை. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987லிருந்து ஜனவரிதோறும் நடக்கிறது. நம் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு 2015ல் தொடங்கியது. 2023ல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களை மதிப்பிட்டது. அதற்கு அடிப்படை, உங்களையும் என்னையும் போன்ற முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தந்த சுமார் 3 கோடிப் பதிவுகள். பதிவே இல்லையென்றால் ஓர் ஏரிக்காக வாதாட நம் கையில் என்ன இருக்கும்?

அதனால் பதிவு செய்யுங்கள். இடத்தை மட்டும் யோசித்துச் சொல்லுங்கள். நாம் பார்த்த பறவைகளின் பட்டியலை ஏற்றும் இ-பேர்டு இணையதளத்தில், ஆபத்திலிருக்கும் சில இனங்களின் இடம் 20 கிலோமீட்டருக்கு 20 கிலோமீட்டர் சதுரமாக மட்டுமே பொதுவில் தெரியும். அந்த வரிசையில் இல்லாத பறவையின் கூட்டைப் பார்த்தால், உங்கள் பட்டியலையே பொதுப்பார்வையிலிருந்து மறைத்து வைக்கலாம். கைபேசிப் படத்துக்குள் இடக்குறி ஒளிந்திருக்கும், அனுப்புமுன் நீக்கிவிடுங்கள். கொம்பன் ஆந்தை வருடா வருடம் பழைய இடத்துக்கே திரும்பக்கூடியது. குஞ்சு பறந்துவிட்டதே என்று கோடையில் இடத்தைச் சொல்லிவிடாதீர்கள்.

சிவகங்கைச் சீமையில் கொள்ளுகுடிப்பட்டி மக்கள், வேட்டங்குடிக் கண்மாய்ப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. பிள்ளைகள்கூட! நாம் விட்டுக்கொடுக்க வேண்டியது ஒரு வாட்ஸ்அப் செய்தியைத்தான்.

போன மாதம் அந்தக் குவாரிப் பக்கம் போனேன். விளிம்புக்குப் போகவில்லை, சாலையிலேயே நின்றேன். இருட்டும் நேரத்தில் பாறைக்குள்ளிருந்து “பூ... ஹூ” என்று ஆழமான குரல். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று, பதில் போல. பெரியவர் ஆடுகளை ஓட்டிக்கொண்டு அந்த வழியாக வந்தார். என்னை அடையாளம் தெரிந்தது.

“இந்த வாட்டி எத்தன காரு சார் வரும்?” என்றார்.

“நான் மட்டுந்தாங்க,” என்றேன்.